வக்கீல் இன்னும் படிக்கிறாரா? கணக்குக் கேட்க ஆளில்லை

அஞ்செட்டி வட்டம் நாட்றாம்பாளையத்துக்காரர் ஒருவர் கர்நாடகப் பக்கம் போன இடத்தில் அடிபட்டுத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அங்கே நடந்ததுக்கு அங்கேயே புகார் கொடு" என்று இங்குள்ள காவல் நிலையம் அவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதியச் சொல்கிறது. மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். பழைய சட்டத்தின் 154ஆவது பிரிவில் இவை எழுதப்படவில்லை. தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ அவர் அமர்த்தும் வக்கீல் இதையெல்லாம் படித்திருக்க வேண்டும்.

படித்தாரா என்பதற்குத்தான் இந்தியாவில் கணக்கு இல்லை. அகில இந்திய பார் தேர்வு 2010இல் வந்தது. அது செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் கூறிவிட்டது. ஆனால் அதில் ஒருமுறை தேறினால் போதும். அதற்குப் பிறகு முப்பது ஆண்டு வாதாடினாலும், எதையாவது புதிதாகப் படித்ததாக யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1975லேயே தொடர் சட்டக் கல்வியைக் கட்டாயமாக்கியது. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25 மணி நேரம். படித்து முடித்ததை வக்கீலே உறுதிமொழியாக மாநில பார் அமைப்பிடம் பதிவு செய்கிறார். சான்றிதழ்களைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். சிலரைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்வார்கள். அப்போது அவற்றைக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டாமலே இருந்தால் தொழில் செய்யும் உரிமை நின்றுவிடும். டெக்சாஸில் ஆண்டுக்கு 15 மணி நேரம், கெடு அவரவர் பிறந்த மாதம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மருத்துவர்களுக்கே 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைச் சொல்கின்றன.

சிற்றூர் வக்கீல்களுக்கு இது சுமை என்பார்கள். நியாயமான கவலைதான், ஒருநாள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும். ஆனால் 511 பிரிவுகள் கொண்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவுகளோடு புதுச் சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21இல் 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தை நான்கு தொகுப்புகள் பிடித்துக்கொண்டன. ஓசூர் ஆலையில் வேலை இழந்து வருகிறவருக்குப் பழைய பிரிவைச் சொல்லும் வக்கீலால் என்ன பயன்?

வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 6ஆவது பிரிவு கருத்தரங்கு நடத்தும் பணியை மாநில பார் கவுன்சிலுக்கே கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் அதை ஒவ்வொரு தாலுகா நீதிமன்றத்துக்கும் விடுமுறை நாளில், தமிழில், கட்டணமின்றிக் கொண்டுவர வேண்டும். வந்தவர்களின் மணிக்கணக்கை அவரவர் பதிவு எண்ணில் ஏற்றி, கட்சிக்காரர் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.