சக்கரக் கணக்கு – 9: காலியாகி நிற்கும் வண்டி

நவி மும்பை பக்கம் கலம்போலி. இரும்பு மார்க்கெட்டை ஒட்டி லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும். சங்ககிரியிலிருந்து சரக்கு கொண்டுபோன வண்டி அங்கே இறக்கிவிட்டதென்றால், ஊரில் இருக்கும் ஓனருக்குப் போன் வேலை ஆரம்பம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணா, சேலத்துக்கு ஏதாச்சும் லோடு இருக்குங்களா?"

"பாக்கலாம். வண்டி எப்பக் காலியாச்சு?"

"இன்னைக்குக் காலைலதானுங்க."

"உங்க டிரைவர் நேத்தே வந்து ஆபீஸ்ல உக்காந்திருந்தாரே தம்பி!"

பேரம் இங்கேயே முடிந்துவிட்டது. டன்னையும் சக்கரத்தையும் புக்கிங் ஆபீஸ்காரர் பிறகு விசாரித்துக்கொள்வார். வண்டி எத்தனை நாளாக நிற்கிறது, இன்னும் எத்தனை நாள் நிற்கத் தாங்கும் என்பது தெரிந்தால் வாடகையை அவரே சொல்லிவிடுவார்.

ஓனர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். கலம்போலியிலிருந்து சேலம் சுமார் 1,200 கிலோமீட்டர். 12 சக்கர வண்டி, 25 டன் பாரம், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 300 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 27,000. டோல், டிரைவர் படி, டயர் தேய்மானம், புக்கிங் கமிஷன், சில இடங்களில் ஏற்றுகூலி எல்லாம் இதற்கு மேல். 'டன்னுக்கு நூறு குறைச்சுக்குங்க' என்பது காதுக்குச் சில்லறையாகத்தான் கேட்கும். 25 டன்னுக்கு அது 2,500 ரூபாய். இருந்தும் ஓனர் இறங்கி வருகிறார். காலியாக ஓட்டி வந்தாலும் டீசலில் பெரும்பகுதி எரியத்தான் போகிறது, டோலும் உண்டு. ஐந்தாம் தேதி ஃபைனான்ஸ் டியூ வேறு. விவரமான ஓனர்கள் இதனால்தான் போகும் லோடுக்குப் பேசும்போதே திரும்பும் லோடையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ரிட்டன் கிடைக்காத ஊர் என்றால் போகும்போதே கூட்டிக் கேட்பார்கள்.

2017 ஜூனில் டீசல் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது. விலை மாறினாலும் பேசிய வாடகை மாறுவதில்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு பாரவரம்பை உயர்த்தியது. 10 சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. நல்ல செய்திதானே என்று வெளியாட்களுக்குத் தோன்றும். ஆனால் நாட்டில் சரக்கு அதே அளவு; அதைச் சுமக்க முன்பைவிடக் குறைந்த லாரிகள் போதும். மிஞ்சிய வண்டிகள் புக்கிங் ஆபீஸ் வாசலில்தானே நிற்கும்?

பஸ் கட்டணத்தைப் போலச் சரக்கு வாடகைக்கும் உச்சவரம்பு, கீழ்வரம்பு வைக்க 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பஸ்ஸுக்கு அது நடக்கிறது; லாரிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தனியாகப் பேசினால்தானே இந்தக் கதி, ஒன்றாகச் சேர்ந்தால்? இமாச்சலப் பிரதேசத்தில் சேர்ந்தேதான் பேசினார்கள். பர்மானா ஏசிசி, தார்லாகாட் அம்புஜா சிமென்ட் ஆலைகளுக்கு ஓட்டும் லாரி சங்கங்களின் வாடகை, டன்னுக்குக் கிலோமீட்டருக்கு முறையே 11.41, 10.58 ரூபாயாக இருந்தது. ஆலைகள் அதானி குழுமத்தின் கைக்கு வந்த பிறகு, இது கட்டுப்படியாகாது என்று 2022 டிசம்பரில் இரண்டு ஆலைகளும் மூடப்பட்டன. 67 நாள் இழுபறி. 2023 பிப்ரவரியில், ஒற்றை ஆக்ஸில் வண்டிக்கு 10.30, பல ஆக்ஸில் வண்டிக்கு 9.30 என்று முடிந்தது. சங்கம் இருந்ததால் 67 நாள் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் ஆலை மூடியிருந்தாலும் கம்பெனிக்கு வேறு ஆலைகள் இருந்தன. லாரிக்காரருக்கு டியூ நிற்கவில்லை. நம்மூர் ஒற்றை வண்டி ஓனருக்கு ஒரு வாரமே பெரும்பாடு.

இனி கலம்போலி வண்டிக்கு வருவோம். ஒருவழியாக வாடகை பேசி அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அட்வான்ஸ் டீசலுக்கும் டோலுக்கும் போய்விடும். ஓனருக்கு மிஞ்சுவதெல்லாம் பேலன்ஸில்தான் இருக்கிறது. சரக்கு இறங்கி, ரசீதில் கையெழுத்தும் சீலும் வாங்கி அனுப்பினால்தான் அது வரும். அதற்குள் இரண்டு மூட்டை நனைந்தது, எடை குறைந்தது, வண்டி ஒருநாள் தாமதம் என்று பிடித்தம் எழுதியிருப்பார்கள். இறக்க ஆளில்லாமல் பார்ட்டி குடோனில் மூன்று நாள் நின்றதற்கு ஹால்டிங் கேட்டால், "அடுத்த லோடுல பாத்துக்கலாம் தம்பி" என்பார்கள். அந்த அடுத்த லோடும் அதே ஆபீஸிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் ஓனர் போனை வைத்துவிடுவார்.

(தொடரும்)