பழைய கைத்துப்பாக்கிக்கு ஒரு நகல்: பார்த்தால் சுலபம், செய்தால் தெரியும்

அருங்காட்சியகப் பொருள்களைப் பற்றி நாம் பேசிய அங்கத்தில் நேயர் ஒருவர் இப்படிக் கேட்டார்: "இருநூறு வருடங்களுக்கு முன்பு கொல்லர்கள் அரம் போட்டுத் தேய்த்துச் செய்த கைத்துப்பாக்கிதானே! இன்று கணினி இருக்கிறது, கடைசல் இயந்திரம் இருக்கிறது. அதே மாதிரி ஒன்று செய்து வைப்பதில் அப்படி என்ன சிரமம்?" நேரம் போதாததால் அன்று நுனிப்புல் மேய்ந்துவிட்டு நகர்ந்தோம். இன்று சற்று ஆற அமரப் பார்ப்போம்.

உதாரணத்திற்கு, பிரெஞ்சுக் குதிரைப்படை வீரர்கள் சேணத்தில் செருகி வைத்திருந்த 1777ஆம் ஆண்டு மாதிரிக் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். சேந்த்-எத்தியேன், ஷார்ல்வில் ஆகிய ஊர்களின் அரசு ஆயுதச் சாலைகளில் செய்யப்பட்டது. அதற்கு முந்திய கைத்துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே மரம் நீண்டு செல்லும். இதில் அது கிடையாது. குழலின் பின்பகுதியும் சுடும் பொறியும் ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அடங்கிவிடும். மரம் கைப்பிடிக்கு மட்டும்தான், அதுவும் அக்ரூட் மரம். மொத்த நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோவுக்கு மேல்.

நகல் செய்யப் புறப்படுபவர் முதலில் சறுக்குவது அளவுகோலில். 1777இல் மீட்டர் கிடையாது. அது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1795இல் சட்டமானது. அதற்கு முன் "பூஸ்" என்ற பிரெஞ்சு அங்குலம் இருந்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு "லீன்ய". பிரெஞ்சு அங்குலம் 27.07 மில்லிமீட்டர், நாம் அறிந்த ஆங்கில அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். இந்தத் துப்பாக்கியின் குழல் 7 பிரெஞ்சு அங்குலம், அதாவது சுமார் 189 மில்லிமீட்டர். பழைய குறிப்பில் "7 அங்குலம்" என்று படித்துவிட்டு ஆங்கில அளவில் வெட்டினால் 178 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு விரல் அகலம் குறைந்துபோகும்! குழல் குட்டையானால் துப்பாக்கியின் தோற்றமே கெட்டுவிடும்.

சரி, அளவே வேண்டாம், அசல் ஒன்றை வைத்து அச்சு எடுத்துப் பித்தளையை ஊற்றிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உருக்கிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்குவரை சுருங்கும். மெழுகில் உருவம் எடுத்து வார்த்தால் மெழுகும் தன் பங்குக்குச் சுருங்கும். சின்னக் கணக்குதானே என்று விட முடியாது. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கூட்டில் 3 மில்லிமீட்டர்வரை காணாமல் போகும். எஃகுப் பாகங்களை வார்த்தால் அவை வேறொரு கணக்கில் சுருங்கும். கடைசியில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பொருத்த உட்கார்ந்தால், திருகாணி ஓட்டை ஒரு பக்கம், திருகாணி ஒரு பக்கம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அசலை அளந்து, சுருங்கும் அளவைக் கூட்டி, சற்றுப் பெரிய மாதிரியைச் செதுக்கி அதிலிருந்துதான் அச்சு எடுப்பார்கள்.

இப்போது பொறிக்கு வருவோம். உயிர் அங்கேதான் இருக்கிறது. சக்கிமுக்கிக் கல்லைத் தாடையில் கவ்விக்கொண்டு நிற்கும் பாகத்தை நம்மவர்கள் "குதிரை" என்பார்கள். உள்ளே ஒரு தட்டை வில் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தகடு பின்வாங்கும், அடியிலுள்ள சிறு கிண்ணம் திறக்கும், பொறி அதில் விழும்.

அந்தத் தீப்பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அது தவறு. கல்லின் கூர்மை எஃகிலிருந்து மெல்லிய துகள்களைச் சீவி எடுக்கிறது. அந்தத் துகள்களே காற்றில் எரிந்து பொறியாகின்றன. ஆகையால் தகடு பதமாக இருந்தாக வேண்டும். மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும், பொறி வராது. வெறும் இரும்பில் செய்திருந்தால் சொல்லவே வேண்டாம். மிதமிஞ்சிக் கடினமாக்கிவிட்டால் கல் வழுக்கும், சில சமயம் தகடு விரிசல் விட்டுவிடும். பழைய கொல்லர்கள் இரும்பை எலும்புக்கரி, தோல்கரியுடன் ஒரு பெட்டியில் மூடிச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்தார்கள். கரியிலுள்ள கார்பன் இரும்பின் மேல்தோலில் ஏறி அதை மட்டும் கடினமாக்கும். உள்ளே இளக்கம் இருக்கும். கணினிக்கு இங்கு வேலையில்லை. சூட்டின் நிறத்தைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லுக்கும் பெயர்போன இடம் உண்டு: பிரான்சின் ஷேர் நதிப் பகுதியிலுள்ள மென் என்ற சிற்றூர். தேன் நிறத்தில் இருக்கும் அந்தக் கல்லை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

இதில் இன்னொரு சங்கடம். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது! ஒவ்வொன்றையும் அதனதன் கூட்டுக்கு ஏற்ப அரத்தால் தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். அசல் ஒன்றிலிருந்து குதிரையையும் இன்னொன்றிலிருந்து வில்லையும் பார்த்து நகலெடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இந்தக் குறையைப் பிரெஞ்சுக்காரர்களே உணர்ந்திருந்தார்கள். 1777 மாதிரியின் வடிவமைப்பில் பங்கெடுத்த ஒனோரே பிளாங்க் என்ற ஆயுத நிபுணர், ஒரே அளவான அச்சுகளையும் அளவுக் கருவிகளையும் வைத்து, எந்தப் பாகமும் எதற்கும் பொருந்தும்படி நீள்துப்பாக்கிப் பொறிகளைச் செய்து காட்டினார். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் தாமஸ் ஜெபர்சன். 50 பொறிகளைக் கழற்றிப் பாகம் பாகமாக அவர்முன் வைத்தார் பிளாங்க். ஜெபர்சன் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தின. 1785 ஆகஸ்ட் மாதம் இதைத் தம் நாட்டுக்கு எழுதியும் அனுப்பினார். பிளாங்கின் வெற்றி நீடிக்கவில்லை. பழைய முறையில் பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள். 1801இல் அவர் காலமானார். அதன்பின் அந்நாட்டு அரசும் அந்த முயற்சியைக் கைகழுவிவிட்டது. என்னைக் கேட்டால், துப்பாக்கியைவிட இந்த மனிதர்தான் கவனிக்கத் தக்கவர். இன்று நம் மோட்டார் சைக்கிளுக்குக் கடையில் உதிரிப்பாகம் வாங்கிப் பூட்டுகிறோமே, அந்த எண்ணத்தை முன்னோடியாகச் செய்து பார்த்தவர்களில் அவர் ஒருவர்.

இந்தக் கைத்துப்பாக்கிக்கு நகல் செய்வது இக்காலப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1799இல் அமெரிக்க அரசு, கனெக்டிகட் மாநிலத்தின் பெர்லின் என்ற ஊரில் இருந்த சிமியன் நார்த் என்பவரிடம் 500 கைத்துப்பாக்கிகளும், மறு ஆண்டு மேலும் 1,500ம் செய்யச் சொன்னது. அவர் வைத்துக்கொண்ட மாதிரி இந்தப் பிரெஞ்சுத் துப்பாக்கியே. அவர் செய்தவற்றில் இப்போது எஞ்சியவை மிகச் சில. விலையோ மலைக்க வைக்கும். அதனால் என்ன நடந்தது தெரியுமா? அசல் பிரெஞ்சுத் துப்பாக்கியில் நார்த் பெயரைப் பொறித்து அமெரிக்க நகல் என்று விற்கும் பித்தலாட்டம் கிளம்பியது. அசலை நகலாக்கி ஏமாற்றும் விநோதம்!

எனவேதான் மனசாட்சியுள்ள கைவினைஞர்கள், பித்தளைக் கூட்டில் "சேந்த்-எத்தியேன்" என்று அழகாகப் பொறித்தாலும், தம் பெயரையும் செய்த ஆண்டையும் எளிதில் தேய்த்து அழிக்க முடியாத இடத்தில் ஆழமாக முத்திரையிட்டுவிடுவார்கள். காட்சிக்கு மட்டும் செய்பவர்கள் கிண்ணத்திலிருந்து குழலுக்குப் போகும் துளையைப் போடுவதே இல்லை. சுடுவதற்கென்று செய்யும் நாடுகளில் குழலை அதிகாரபூர்வச் சோதனை நிலையத்தில் பரிசோதித்து முத்திரை வாங்க வேண்டியிருக்கும். சேந்த்-எத்தியேனிலேயே அத்தகைய நிலையம் உண்டு.

கேள்வி கேட்ட நேயருக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. சுடாது, அலமாரிப் பொம்மைதான் என்று சொல்லித் தப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் பாகங்களாக வரவழைப்பதும் வம்புதான். ஆசை இருந்தால் பாரிஸ் போகும்போது இன்வலீத் வளாகத்திலுள்ள ராணுவ அருங்காட்சியகத்திற்கும், முடிந்தால் சேந்த்-எத்தியேன் கலை, தொழில் அருங்காட்சியகத்திற்கும் ஒரு நடை போய் வாருங்கள்.