தலைமருதுக்கு ஒரு காட்டுவழி

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலுக்குத் தைப்பூசத்தன்று வருகிறவர்களிடம் இடைமருதுக்குத் தலையும் கடையும் எங்கே என்று கேட்டால், பலர் சொல்லிவிடுவார்கள். வடக்கே கிருஷ்ணா நதிக்கரையில் ஸ்ரீசைலம் தலைமருது. தெற்கே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் கடைமருது. நடுவில் காவிரிக் கரையில் நம்மூர். மூன்றிலும் மருதுதான் தலமரம். இன்றைக்கு மூன்றுக்கும் பஸ் போகிறது. ஆனாலும் ஸ்ரீசைலத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டுதோறும் பஸ்ஸை விட்டுவிட்டு, புலிகள் காப்பகத்துக்குள் இரண்டு மூன்று நாள் நடந்தே போய்ச் சேர்கிறார்கள். அது எப்படி முடிகிறது? டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஆந்திராவில் கிருஷ்ணாவுக்கும் பென்னாவுக்கும் இடையே வடக்கு தெற்காக நீளும் மலைத்தொடர் நல்லமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் வடபுறத்தில், கிருஷ்ணாவின் தென்கரையில் ஸ்ரீசைலம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 1,500 அடி. கொடைக்கானல் 7,000 அடி என்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. இங்கே ஆளை வாட்டுவது ஏற்றத்தைவிடக் காட்டின் நீளமும் வறட்சியும்தான். சுற்றியுள்ள நாகார்ஜுனசாகர் ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம், பரப்பளவில் நாட்டிலேயே மிகப் பெரியது.

ஸ்ரீசைலம் கோயிலுக்கு நான்கு வாசல்கள் என்பார்கள். கோயிலுக்குப் போய் மதிலில் தேடினால் அவை அகப்படாது. கிழக்கு வாசல் திரிபுராந்தகம், தெற்கு வாசல் கடப்பைப் பக்கம் பென்னாக் கரையில் உள்ள சித்தவட்டம், மேற்கு வாசல் துங்கபத்திரைக் கரையில் உள்ள ஆலம்பூர், வடக்கு வாசல் உமாமகேஸ்வரம். எல்லாம் பல மைல் தள்ளி இருக்கும் தனித்தனி ஊர்கள். மலை முழுவதையும் ஒரே கோயிலாகப் பார்த்திருக்கிறார்கள்.

இதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மகாலிங்கருக்குப் பரிவாரமாகத் திருவலஞ்சுழியில் பிள்ளையார், சுவாமிமலையில் முருகன், திருவாவடுதுறையில் நந்தி, ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தி, சீர்காழியில் பைரவர் என்று சோழநாட்டையே ஒரு கோயிலாக வைத்துச் சொல்வது நமக்குப் பழக்கம். அங்கே வயலுக்குப் பதில் காடு, அவ்வளவுதான். தெற்கேயிருந்து போகும் நமக்குச் சித்தவட்டம் வந்தாலே கோயில் வாசல் வந்துவிட்ட கணக்கு.

இனி, எல்லோரிடமும் இருக்கும் ஒரு தப்பெண்ணத்துக்கு வருவோம். காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் நடை, அங்கே ஒரு பழங்காலக் கோயில் என்றதும், மனிதன் கால் படாத காடு, யாரோ கண்டுபிடிக்கும்வரை மறைந்து கிடந்த இடிபாடு என்று ஒரு படம் மனதில் ஓடுகிறது. சினிமாவும் கதைப்புத்தகங்களும் போட்டுக்கொடுத்த படம் அது. அதனால்தான் இப்படிப் போவதைச் சாகசம் என்கிறோம்.

உண்மையில் மனிதன் கால் படாத காட்டில் 40 கிலோமீட்டர் நடக்கவே முடியாது. முள்ளும் கொடியும் ஒரு நாளில் ஒரு மைல்கூடப் போக விடாது. நாம் நடக்க முடிகிறது என்றாலே அங்கே பாதை இருக்கிறது. பாதை இருக்கிறது என்றால் யாரோ போட்டிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் இருக்கிறது என்றால் யாரோ அதைக் காத்து வந்திருக்கிறார்கள்.

பாதையும் நம் வாய்க்கால் மாதிரிதான். ஒருமுறை வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது. தண்ணீர் ஓட வேண்டும், வருஷா வருஷம் தூர் வார வேண்டும். இரண்டு வருஷம் விட்டால் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டி, வாய்க்கால் இருந்த இடம் பக்கத்து வயல்காரருக்கே மறந்துபோகும். காட்டுப் பாதையில் ஓட வேண்டிய தண்ணீர், மனிதக் கால்கள். ஆள் நடப்பது நின்றால் காடு அதை எடுத்துக்கொள்ளும்.

நல்லமலைப் பாதையை வெட்டியவர்கள், காத்தவர்கள் சிலரது பெயர் நமக்குத் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் ரெட்டி அரசை நிறுவிய புரோலய வேமா ரெட்டி ஸ்ரீசைலத்துக்குக் கற்படிகள் கட்டினார். அதே நூற்றாண்டின் கடைசியில் விஜயநகர அரசர் இரண்டாம் ஹரிஹரரின் அரசி விட்டலாம்பா, கோயிலிலிருந்து கிருஷ்ணாவுக்கு இறங்கும் பாதாளகங்கைப் படிகளைக் கட்டினார். ஒரு காலத்தில் அரசர்கள் செய்த பெரிய பொதுப்பணி இது. நம் பக்கத்தில் ஏரி வெட்டினார்கள், அணை கட்டினார்கள். அங்கே மலையில் படி போட்டார்கள்.

இந்த வழியில் போனவர்கள் வரிசையும் நீளமானது. தேவாரத்தில் இந்த ஊர் திருப்பருப்பதம். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியிலிருந்தே இதைப் பாடினார்கள் என்றும், கயிலைக்குக் கிளம்பிய அப்பர் நேரிலேயே போனார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கன்னடத்து அக்கமகாதேவி தன்னந்தனியாக இங்கே வந்து சேர்ந்தார். கிருஷ்ணாக் கரையில் அவர் பெயரால் இன்றும் ஒரு குகை இருக்கிறது. 1677இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது ஸ்ரீசைலத்தில் தங்கிப் போனார். அதே பயணத்தில்தான் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில், தஞ்சையை ஆண்ட தம்பி ஏகோஜியைச் சந்தித்தார்.

சரி, இன்றைக்கு நடப்பவர்கள் எப்படிப் போகிறார்கள்? அதிகம் பேர் எடுக்கும் வழி ஆத்மகூர் அருகே வெங்கடாபுரம் கிராமத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து நாகலூட்டி, பெத்தசெருவு, பீமுனி கொலனு, கைலாச துவாரம், பிறகு ஸ்ரீசைலம். மொத்தம் 40 கிலோமீட்டருக்கும் மேல். நாகலூட்டியில் பழைய வீரபத்திரர் கோயில் ஒன்று சிதைந்து நிற்கிறது. காட்டுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட கோயில்களைக் காலம் அழித்தது பாதி என்றால், புதையல் இருக்கும் என்று தோண்டுகிறவர்கள் அழித்தது மீதி.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பாதையின் சூட்சுமம் பிடிபடும். பெத்தசெருவு என்பது பெரிய ஏரி. பீமுனி கொலனு ஒரு குளம். டெல்டாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறோ வாய்க்காலோ குறுக்கிடும். தண்ணீருக்காக வழியை மாற்றிப் போக வேண்டிய தேவை நமக்கு வந்ததே இல்லை. நல்லமலை பாறை நிலம். வீட்டு அடுப்பு மேடையில் போடுகிற கடப்பாக்கல் அந்தப் பாறைப் படுகையிலிருந்து வருவதுதான். பெய்கிற மழை நிற்காமல் ஓடிவிடும், பள்ளத்திலும் சுனையிலும் மட்டும் தங்கும். எனவே பாதை ஒரு தண்ணீரிலிருந்து அடுத்த தண்ணீருக்குப் போகிறது. ஒரு நாள் நடை எவ்வளவு தூரம் என்பதைக் காலின் பலத்தைவிட அடுத்த குளம் எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

கடைசிக் கட்டம்தான் சோதனை. களைத்துப்போன காலோடு பீமுனி கொலனுப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். இறங்கியதையெல்லாம் மறுபுறம் கற்படிகளில் ஏற வேண்டும். படிகள் ஒரே அளவாக இல்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். ஏறி முடித்தால் கைலாச துவாரம். அங்கே வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

பாதை திறப்பது மகாசிவராத்திரி, யுகாதி ஆகிய விழாக்களை ஒட்டிய நாட்களில் மட்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் இரண்டும் வந்துவிடும். மழை நின்று ஓடைகள் இறங்கியிருக்கும், கடக்கலாம். வயல் வேலையும் ஓய்ந்திருக்கும். வட கர்நாடகத்திலிருந்து சோள அறுவடையை முடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். ஸ்ரீசைலத்து அம்மன் பிரமராம்பாள் அவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பெண், சுவாமி மல்லிகார்ஜுனர் மாப்பிள்ளை. பெண்ணுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பஸ்ஸில் போவார்களா? வேண்டுதலுக்காக மரக்கால் கட்டிக்கொண்டு நடப்பவர்கள்கூட உண்டு.

ஆனால் இந்த மாதங்களுக்கு ஒரு விலை இருக்கிறது. காடு என்றால் நிழல் என்று நினைக்கிறோம். நல்லமலையில் தேக்கு உட்படப் பல மரங்கள் கோடையில் இலை உதிர்ப்பவை. பாதை திறந்திருக்கும் நாட்களில்தான் கிளைகள் மொட்டையாக நிற்கும். வெயில் நேராகத் தலையில் இறங்கும். கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. ஒரு பீடித்துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும். விடியற்காலையில் நடந்து, நடுப்பகலில் தண்ணீரண்டை படுத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடப்பதே முறை.

புலி? கூட்டமும் சத்தமும் உள்ள இடத்துக்கு அது வராது. பயப்பட வேண்டியது கரடிக்குத்தான். கண்பார்வை மந்தம், திடீரென்று எதிரில் ஆளைக் கண்டால் பாய்ந்துவிடும். 'மல்லண்ணா' என்று மல்லிகார்ஜுனரை உரக்கக் கூவிக்கொண்டு நடப்பதில் பக்தியும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. இந்த வித்தைகளெல்லாம் காட்டிலேயே வாழும் செஞ்சு மக்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்தவை. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த அவர்களுடைய குடியிருப்புகளைப் பெண்டா என்பார்கள். அவர்களுக்கும் மல்லண்ணா தங்கள் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. வனத்துறை இன்று புலிகளின் தடம் பார்க்க அவர்களைத்தான் வைத்திருக்கிறது. யாருமில்லாத காடு என்று நாம் நினைக்கிற இடத்தில் அவர்கள் வீடு இருக்கிறது.

இதே தப்பெண்ணம் உலகத்தின் மறுகோடியிலும் இருக்கிறது. பெரு நாட்டின் மச்சு பிச்சு, இன்கா அரசர்கள் 15ஆம் நூற்றாண்டில் மலைமேல் கட்டிய ஊர். அமெரிக்கரான ஹைரம் பிங்கம் 1911இல் அதைக் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகங்களே எழுதின. அவர் போனபோது அந்த அடுக்கு வயல்களில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. இடிபாடுகளைச் சுற்றிக்காட்டியதே அந்த வீட்டுச் சிறுவன் ஒருவன்தான். இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போய் நடக்கும் நான்கு நாள் இன்காப் பாதையும் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவும் இன்காக்கள் கல் பாவிப் போட்ட ராஜபாட்டை. சமையல்காரர், சுமைதூக்குவோர் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் விடுவதில்லை. ஒவ்வொரு பிப்ரவரியும் பாதையை மூடிச் செப்பனிடுகிறார்கள். அதாவது, தூர் வாருகிறார்கள்.

ஸ்ரீசைலத்தின் வாசல் ஒன்றைக் காடு மூடவில்லை, தண்ணீர் மூடியது. 1960இல் தொடங்கி 1980களில் முடிந்த ஸ்ரீசைலம் அணையின் நீர்த்தேக்கத்தில், அந்த நான்கு வாசல்களைத் தவிரச் சொல்லப்படும் துணை வாசல்களில் ஒன்றான சங்கமேஸ்வரம் மூழ்கியது. வேப்பமரத்தால் ஆன லிங்கம் என்று போற்றப்படும் அந்தக் கோயில், நீர் இறங்கும் கோடையில் சில மாதங்கள் வெளியே வருகிறது. பூசை நடக்கிறது. மழை வந்ததும் மறுபடி உள்ளே போய்விடுகிறது. நமக்கும் அதில் பங்கு உண்டு. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்த 1983இல் ஒப்பந்தமான தெலுங்கு கங்கைத் திட்டத்தில் சென்னைக்கு வருவது அந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீர்தான்.

இவ்வளவும் கேட்டபிறகு போகத் தோன்றினால், சில விஷயங்களை மனதில் வையுங்கள். சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்த பழக்கம் கால்களுக்கு உதவும், ஆனால் அங்கே ஊருக்கு ஊர் டீக்கடை கிடையாது. விழா நாட்களில் அன்னதானப் பந்தலும் தண்ணீரும் மருத்துவ முகாமும் வைத்திருப்பார்கள். மற்ற நாட்களில் அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் கால் வைப்பது குற்றம். பாதை எந்தத் தேதியில் திறக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், தனியாகப் போகாதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குத் தோர்ணாலாவிலிருந்து பஸ் இருக்கிறது. எந்த வழியில் போனாலும், இந்தப் பாதையைக் காத்து வருகிற செஞ்சுக்களை அங்கே பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.