செத்த மீன் சிந்தித்த கதை

மைக்ராஸ்கோப்பும் ஸ்கேனரும் தருவது படம் போலத் தெரியும் எண்களின் அட்டவணை. அதைக் கையாளும் புரோகிராமை எழுதத் தெரியாத ஆராய்ச்சி மாணவர்கள் பட்டனை நம்பியே காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் கடையில் வாங்கிய சால்மன் மீன் அது. உயிர் இல்லை. அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று கேட்டார்கள் கிரெய்க் பென்னட்டும் அவரது சகாக்களும். மீன் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொன்னது. மீனின் மூளையில் சில புள்ளிகள் சுறுசுறுப்பாக இயங்குவதாகத் திரையில் சிவப்பு நிறம் காட்டியது.

2009இல் மாநாட்டு போஸ்டராக வெளியான இந்த ஆய்வுக்கு 2012இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் பரிசு அது. சிரித்து முடித்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் எளிமையானது. ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை. மூளையின் படம் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘இங்கே மாற்றம் உண்டா?’ என்று புரோகிராம் தனித்தனியாகச் சோதிக்கிறது. ஆயிரத்தில் ஒரு முறை தற்செயலாக ‘உண்டு’ என்று சொல்லிவிடக்கூடிய சோதனையைப் பல ஆயிரம் முறை நடத்தினால் சில பொய்யான ‘உண்டு’கள் விழத்தான் செய்யும். இதைத் திருத்துவதற்குக் கணக்கு இருக்கிறது. அதைச் சேர்த்ததும் மீன் மறுபடி செத்துப்போனது. அந்தத் திருத்தம் இல்லாமலே பல கட்டுரைகள் அச்சேறுகின்றன என்பதுதான் பென்னட் குழுவின் புகார்.

நம் ஊர் ஆய்வகங்களில் செத்த மீனை யாரும் ஸ்கேன் செய்வதில்லை. ஆனால் அதே ஆபத்து வேறு வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கே ஏராளம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. வரை அந்த ஏற்பாடு ஓடுகிறது. பிஎச்.டி.க்கு வந்த பிறகு கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் முன்னால் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். ஒரு மாலை நேரத்துக்குள் சில நூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. பச்சையும் சிவப்புமாக அழகாக இருக்கின்றன. ஆய்வுக்கு வேண்டியது அழகல்ல, அளவு. எந்த செல்லில் அந்தப் புரதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்ற அளவு. அங்கேதான் தப்பித்த கணக்கு திரும்பி வந்து நிற்கிறது.

படத்தின் ஒவ்வொரு பிக்ஸலும் ஓர் எண். (படப்புள்ளி, படத்துணுக்கு என்றெல்லாம் தமிழ்ச் சொற்கள் உண்டு. ஆய்வகத்தில் யார் வாயிலும் அவை புழங்கி நான் கேட்டதில்லை.) 8 பிட் படத்தில் 0 முதல் 255 வரை 256 படிகள். 12 பிட்டில் 4,096. 16 பிட்டில் 65,536. 8 பிட் படத்தில் 255ஐத் தொட்டுவிட்ட பிக்ஸலுக்கு அதற்குமேல் ஒளி எவ்வளவு விழுந்தாலும் 255தான். குடம் நிறைந்த பிறகு இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றினாலும் அளந்தால் ஒரு குடம்தானே. ஒரு செல்லைவிட இன்னொன்றில் இரண்டு மடங்கு புரதம் இருக்கலாம். படத்தில் இரண்டும் சமம். கண்ணுக்கு இது தெரியாது. எத்தனை பிக்ஸல்கள் 255இல் முட்டி நிற்கின்றன என்று எண்ணிச் சொல்ல ஒரே ஒரு வரி புரோகிராம் போதும்.

அடுத்த கோளாறு இன்னும் சாதாரணமானது. படத்தை ஜேபெக் ஃபைலாக மாற்றி நண்பருக்கு அனுப்புகிறார்கள். ஃபைலைச் சிறிதாக்குவதற்காகக் கண் கவனிக்காத விவரங்களைக் கழித்துவிடுவதுதான் ஜேபெக்கின் வேலை. கல்யாண ஆல்பத்துக்கு அது பாதகமில்லை. அளவெடுக்க வேண்டிய படத்தில் எண்களே மாறிவிடுகின்றன. மூலப் படத்தைத் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சின்ன ஒழுங்கை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லித்தந்தால் பிற்பாடு பல மாத உழைப்பு வீணாகாது.

பிறகு எண்ணும் வேலை. மவுஸைப் பிடித்து ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கோடு போட்டு, கிடைத்த எண்ணை நோட்டில் எழுதி, அடுத்த செல்லுக்குப் போகும் மாணவர்களை இன்றும் பார்க்கலாம். காலையில் வெளிச்சம் என்று தோன்றியது மாலையில் களைத்த கண்ணுக்கு இருட்டாகத் தோன்றும். எங்கே செல் முடிகிறது, எங்கே பின்னணி தொடங்குகிறது என்று ஓர் எல்லை எண்ணை வைத்துப் பிரிப்பது வழக்கம். அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஆளுக்கு ஆள் மாறும். படத்தில் உள்ள எண்களின் பரவலை வைத்தே எல்லையைக் கண்டுபிடிக்கும் முறையை ஜப்பானின் நொபுயுகி ஒட்சு 1979இல் வெளியிட்டார். ஒட்சு முறை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. ஆனால் எந்த முறையைப் பயன்படுத்தினோம் என்று எழுதிவைக்க முடியும். மவுஸ் பிடித்த கையின் சாட்சியத்தை எழுதிவைக்க முடியாது.

இது வெறும் வசதிப் பிரச்சனை அல்ல. 2016இல் எலிசபெத் பிக்கும் சகாக்களும் 40 அறிவியல் இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்துச் சலித்தார்கள். 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்கு இடமான படங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்காவது வேண்டுமென்றே செய்யப்பட்டதற்கான அறிகுறிகள் தெரிந்தன. எஞ்சியவற்றில் கவனக்குறைவுக்கும் இடமுண்டு. ஒரே படம் தவறுதலாக இரண்டு தலைப்புகளில் ஒட்டப்படலாம். கவனக்குறைவா, மோசடியா என்று கேள்வி வரும்போது மூலப் படமும் அதைக் கையாண்ட புரோகிராமும் கையில் இருக்கும் மாணவர் நிமிர்ந்து நிற்கலாம். இல்லாதவருக்கு ஐந்து வருட உழைப்பே கேள்விக்குறியாகிவிடும்.

எங்கே தொடங்குவது? தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாத கோர்ஸ் சேர்ந்து, சர்ட்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்வது ஒரு வழி. பெரும்பாலும் பயனில்லாத வழி. அங்கே வங்கிக் கணக்கும் மார்க் லிஸ்ட்டும் போடக் கற்றுத்தருவார்கள். செல்லை எண்ணச் சொல்லித்தர மாட்டார்கள். கையிலிருக்கும் படத்திலிருந்தே தொடங்குவது நல்லது. அதற்கு ஏற்ற இலவச சாஃப்ட்வேர் இமேஜ்ஜே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வேய்ன் ராஸ்பேண்ட் 1987இல் மெக்கின்டாஷுக்காக எழுதிய புரோகிராமின் வாரிசு. 1997இல் ஜாவாவில் பிறந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

அதன் மெனுவில் மேக்ரோ ரெக்கார்டர் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத் திறந்துவைத்துவிட்டு வழக்கம்போல மவுஸால் வேலை செய்தால், ஒவ்வொரு கிளிக்கையும் ஒரு வரி கட்டளையாக அது எழுதிக்கொண்டே போகும். வேலை முடியும்போது புரோகிராம் தயார். எண்ணை மாற்றிப் பார்க்கலாம், ஒரு வரியை நீக்கிப் பார்க்கலாம், அதையே முந்நூறு படங்களுக்கும் ஓட்டலாம். இலக்கணம் படிக்காமல் பேச்சைக் கேட்டே மொழி கற்கும் குழந்தையின் வழி இது. தமிழ் இலக்கணம் படித்து வந்தவன் என்பதால் இலக்கணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரிசை இதுதான்.

அதற்கடுத்த படி பைத்தான். 1991இல் கைடோ வான் ராஸம் வெளியிட்ட மொழி. அதில் படங்களை அளப்பதற்கான கருவிகள் பலவற்றை எழுதியவர்கள் ஆய்வகப் பிரச்சனையில் மாட்டிக்கொண்ட விஞ்ஞானிகளே. ஜான் ஹன்டர் நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் வரைந்து பார்க்க வேண்டியிருந்தது. லைசென்ஸ் சாஃப்ட்வேர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தானே எழுதத் தொடங்கினார். 2003இல் மேட்பிளாட்லிப் வெளியானது. 2012இல் 44 வயதில் அவர் இறந்துபோனார். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தின் பின்னணியில் பயன்பட்ட சாஃப்ட்வேர்களில் அதுவும் ஒன்று.

அந்தக் கருந்துளைப் படம் உருவான விதம் ஒவ்வொரு ஆய்வக மாணவருக்கும் பாடம். வளையம்தான் வரும் என்ற எதிர்பார்ப்பு விஞ்ஞானிகளுக்கு இருந்தது. எதிர்பார்ப்பே படத்தை வரைந்துவிடக் கூடாதே! நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு செய்வது இன்னொன்றுக்குத் தெரியாமல் தனித்தனியாகப் படத்தை உருவாக்கினார்கள். நான்கிலும் வளையம் வந்தது. அதோடு விடவில்லை. வளையம், பிறை, தட்டு, இரட்டைப் புள்ளி என்று தாங்களே செயற்கையாகத் தரவுகளைத் தயாரித்து புரோகிராமுக்குக் கொடுத்தார்கள். தட்டைக் கொடுத்தால் தட்டும் பிறையைக் கொடுத்தால் பிறையும் வருகிறதா என்று பார்த்த பிறகே நிஜத் தரவை நம்பினார்கள்.

இதை எந்த மாணவரும் செய்யலாம். கறுப்புப் பின்னணியில் பத்து வெள்ளை வட்டங்களைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து, தன் புரோகிராமிடம் எண்ணச் சொல்ல வேண்டும். ஒன்பது என்று சொன்னால் செல்லை எண்ண அதை அனுப்பக் கூடாது. கேட்ட மாத்திரத்தில் ஏஐ புரோகிராம் எழுதித் தருகிற இந்த நாளில் இந்தப் பழக்கம் முன்பைவிட அவசியம். ஏஐ எழுதியது பெரும்பாலும் ஓடுகிறது. ஓடுவது வேறு, சரியாக எண்ணுவது வேறு.

மொழி ஒரு தடைதான், ஆனால் தடை இருக்கும் இடம் வேறு. பைத்தானில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் 35தான். ஒரு வாரத்தில் பழகிவிடும். அதை விளக்கும் புத்தகங்கள்தான் ஆங்கிலக் காடு. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு நல்ல உபாயம் கண்டது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சி இது. பத்து நிமிடம் போல ஓடும் பாடங்கள்; திரையில் தெரியும் சாஃப்ட்வேர் ஆங்கிலத்திலேயே இருக்கும், விளக்கும் குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் பார்வையில் இது புத்திசாலித்தனம். மெனுவைத் தமிழாக்கினால் மாணவர் வேறு ஆய்வகம் போகும்போது திணறுவார். விளக்கத்தைத் தமிழாக்கினால் எங்கும் போகலாம். அதே ஐஐடியில்தான் பிரபு ராமச்சந்திரனும் இருக்கிறார். முப்பரிமாண அறிவியல் படங்களைக் காட்டும் மாயாவி என்ற பைத்தான் சாஃப்ட்வேரை உருவாக்கியவர். பெயருக்கு விளக்கம் தேவையில்லாத ஒரு சாஃப்ட்வேராவது நமக்குக் கிடைத்தது.

பழகுவதற்குப் படம் வேண்டுமே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019 செப்டம்பரில் சந்திரனில் மோதிய விக்ரம் கலத்தின் சிதறலை நாசா படங்களில் அடையாளம் கண்டு சொன்னவர் சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்ரமணியன். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு நாசா எடுத்த தெளிவான படத்தில்கூடப் பெரிய துண்டுகள் ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு பிக்ஸல்தான். அவற்றின் நிழல் ஒரு பிக்ஸல். அவர் பார்த்தது யாருக்கும் திறந்திருக்கும் படங்களை. சந்திரயான்-2 அனுப்பும் படங்களை இஸ்ரோவும் பிரதான் என்ற தளத்தில் வைத்திருக்கிறது. பெயரைப் பதிவு செய்தால் இறக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.