ஜாமீன் நிற்பது யார்?



கட்டப்பட்டிருக்கிறவர்களை நினைத்துக்கொள்ளும்படி எபிரெயர் 13-ம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர் சபைகளில் சிறைக்கைதிகளுக்காக ஜெபம் ஏறெடுக்கிறோம். நல்லதே. ஆனால் நம் சபைப் பையன் ஒருவனே உள்ளே போய்விட்டால்? ஜெபக்குறிப்பில் அது "ஒரு சகோதரியின் குடும்பப் பாரம்" ஆகிவிடுகிறது; அந்தத் தாயாரிடம் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

1926-ல் கட்டப்பட்ட ஆர்தர் ரோடு சிறையில் இடத்துக்கு மிஞ்சிய கூட்டம் நெடுங்காலமாக அடைபட்டிருக்கிறது. இவர்களில் மிகுதியானோர் தண்டனை பெற்றவர்களல்ல, விசாரணைக் கைதிகளே. தேசமெங்கும் 2022-ம் ஆண்டு முடிவில் இருந்த 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் இவ்வகையினர்.

வேதனை என்னவென்றால், நீதிமன்றம் ஜாமீன் அளித்த பின்னும் சிலர் வெளியே வருவதில்லை. பிணை நிற்க உள்ளூர் ஆள் வேண்டும். அவருக்கு விலாசச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். பிழைக்க வந்தவனுடைய ரேஷன் கார்டோ திருநெல்வேலியில் இருக்கிறது! ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க இயலாதவருக்கு நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பாராமல், இலவச வக்கீல் உதவி பெற 1987-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அநேகக் குடும்பங்கள் இதை அறியாமல் வட்டிக்குப் பணம் வாங்குகின்றன.

பிணைப்படுவதை நீதிமொழிகள் எச்சரிக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆள் தப்பினால் பிணைத்தொகை நம் தலையில் விழும். ஆராயாமல் கையெழுத்திடுவது விசுவாசமல்ல. ஆயினும் ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் வைக்கும்படி பிலேமோனுக்கு எழுதிய பவுல், தானே காவலில் இருந்தவர். பையனையும் குடும்பத்தையும் பல வருஷம் அறிந்த மூப்பர்கள் இதை யோசிக்கலாமே.

மனத்தேறுதல் வேறொரு காரியம். முலாகாத் நேரமோ சொற்பம். அதில் தாய் அழுதுகொண்டே நின்றால் மகன் இன்னும் உடைந்துபோகிறான்; தம்பியின் பரீட்சை, வீட்டு வாடகை போன்ற அன்றாடச் செய்திகளே அவனை உயிரோடு வைக்கின்றன. செம்பூரை அடுத்த தேவ்நாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1990-ல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டத்தின் சமூகப் பணியாளர்கள் சிறைக்குள் சென்று கைதிகளைச் சந்திக்கின்றனர். குடும்பத்தாருடன் தொடர்பு ஏற்படுத்துகின்றனர். விடுதலையானவர்கள் வேலையில் பழகவும் வழிசெய்கின்றனர். ஜெபக்குழுவினர் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

யோசேப்பைப் பானபாத்திரக்காரரின் தலைவன் இரண்டு வருஷம் மறந்திருந்தான். இங்கே விடுதலையாகிறவனைப் பழைய கூட்டாளிகள் ஒரு நாளும் மறப்பதில்லை. சிறை வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். சபையில் தையற்கூடம் வைத்திருப்பவரும் தோல் பட்டறை நடத்துகிறவரும் அன்றைக்கு அங்கே முந்திக்கொள்ள வேண்டும், மறுநாள் காலையில் அவனுக்கு ஒரு வேலையோடு.