உப்பளத்துக் கோழியும் கீழாநெல்லி உருண்டையும்

மரக்காணம் என்றால் நேயர்களுக்கு உப்புத்தான் நினைவுக்கு வரும். கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பை வியந்து பார்க்கிறார்கள். அங்குள்ள குடிசைகளைச் சுற்றிக் குப்பையைக் கிளறித் திரியும் நாட்டுக் கோழியைக் கவனிப்பார் இல்லை. நாம் இன்று எழுதப் புகுந்தது அந்தக் கோழியைப் பற்றியே. மரக்கறி உண்ணும் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாத்திகளில் வெள்ளம் நின்று, உப்பு வேலை அடியோடு நின்றுபோகிறது. அந்த மாதங்களில் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு நாலு கோழி என்பது அற்பமான ஆஸ்தியல்ல. வெள்ளைக் கழிச்சல் புகுந்துவிட்டாலோ, அந்த ஆஸ்தி ஒரே வாரத்தில் அழிந்துவிடும். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகே கண்டறியப்பட்ட இந்நோய், மறு வருஷமே ஹிமாலயச் சாரலிலுள்ள ராணிகேத்தில் தலைகாட்டிற்று. அதனால் நம் தேசத்தில் அதற்கு ராணிகேத் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம் ஆகியவற்றை அரைத்துக் குருணையில் பிசைந்து கொடுக்கும் கைமருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் கிராமங்களில் பரப்பி வருகிறார்கள். மழைக்குப் பின் கீழாநெல்லி தானே முளைக்கிறது. மற்றவை அஞ்சறைப் பெட்டியில் உள்ளவை. நல்ல காரியந்தான். ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பற்றிக்கொண்ட ராணிகேத் நோயை வேரோடு களையும் மருந்து பச்சிலையிலும் இல்லை, சீமை மருந்துக் கடையிலும் இல்லை. குஞ்சு பிறந்த முதல் வாரத்திலே சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியுமே காப்பு. அதுவும் அந்நியச் சரக்கன்று. 1932-ல் தோன்றிய ராணிப்பேட்டை நிலையத்திலேயே தயாராகிறது.

அப்படியானால் பச்சிலை எதற்கு? உடம்பைத் தேற்றுவதற்கு. உலர்ந்த முருங்கை இலையில் நூற்றுக்கு 25 பங்கு வரை புரதம் உண்டு. மஞ்சட் கருவுக்கு நிறமும் கொடுக்கிறது. கோழி கொழுப்பதற்காகத் தீனியில் கிருமிநாசினி மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006-ல் அறவே தடுத்துவிட்டன. நம் சர்க்காரும் 2019-ல் கொலிஸ்டின் என்னும் மருந்தை விலக்கியது. அதன் பிறகு மேல்நாட்டார் பூண்டையும் மஞ்சளையும் சோதனைச்சாலையில் வைத்துப் பரீட்சிக்கிறார்கள். நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்!

அஸோலா என்னும் நீர்ப்பெரணியையும் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அது உப்பு நீரில் செழிக்காது. மரக்காணத்தில் அதை வளர்க்க விரும்புவோர் நல்ல தண்ணீருள்ள கிணற்றை முதலில் தேட வேண்டும்.

உப்பினால் வேறொரு விபரீதமும் உண்டு. கோழித் தீனியில் நூற்றுக்கு அரைப் பங்கு உப்பே தாராளம். கருவாட்டுத் தலைகளை அப்படியே வீசினால், கோழி தாகத்தால் தவித்து, நீராய்க் கழிந்து, சோர்ந்து விழும். பார்க்கிறவர்கள் வெள்ளைக் கழிச்சல் என்று எண்ணிக் கீழாநெல்லியை அரைக்க ஓடுவார்கள்! அங்கே வேண்டியது மருந்தன்று. கருவாட்டை நிறுத்திவிட்டு, நிழலில் ஒரு சட்டி நல்ல தண்ணீர் வைத்து, அதைச் சிறிது சிறிதாகக் குடிக்கவிட வேண்டும்.