பாலையில் ஒரு சயின்ஸ் பீரியட்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசஸ் ஊருக்கு வடக்கே ஹோர்னாடா என்றொரு பாலைச் சமவெளி. 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது இதன் வடகோடியில்தான். தென்கோடியில், சத்தமே இல்லாமல், 1912 முதல் வேறொரு ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே இருந்த புல்லெல்லாம் எங்கே போயிற்று?

1858-ல் நில அளவையர்கள் எழுதி வைத்த குறிப்புகளின்படி, அந்த மேய்ச்சல் நிலத்தில் சுமார் 90 சதவீதம் நல்ல புல்வெளி. 1963-ல் பார்த்தால் 25 சதவீதம்கூட இல்லை. மெஸ்கீட், கிரியோசோட் போன்ற புதர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மெஸ்கீட் நமக்கு அந்நியம் இல்லை. ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் பங்காளி. நம் ஊரில் சீமைக் கருவேலம் வந்தேறி. அங்கே மெஸ்கீட் மண்ணின் மைந்தன். ஆனாலும் ஊரை வளைத்துப் போட்டுவிட்டது. கணக்கில்லாமல் மாடு மேய்த்ததும், இடையிடையே வந்த கடும் வறட்சியும் புல்லை ஒழித்தன. போதாக்குறைக்கு, மெஸ்கீட் காயைத் தின்ற மாடுகளே சாணத்தோடு விதையையும் ஊரெல்லாம் போட்டன.

இந்தக் கதையைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். லாஸ் குரூசஸ் பள்ளிப் பிள்ளைகள் தரையில் குந்தி உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஹோர்னாடா 1982-ல் அமெரிக்காவின் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு வலையமைப்பில் சேர்ந்தது. ஆய்வைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அசோம்ப்ரோ அறிவியல் கல்வி நிறுவனத்துக்கு. 1991-ல் சிவாவா பாலைவன இயற்கைப் பூங்காவாகத் தொடங்கிய அமைப்பு இது. ஊருக்கு வெளியே 900 ஏக்கருக்கு மேல் பாலை நிலத்தைக் கையில் வைத்திருக்கிறது.

இந்த மாதிரி வெளிவகுப்புகளில் அலுக்காத பரிசோதனை ஒன்று உண்டு. அடியும் மூடியும் வெட்டிய தகர டப்பா ஒன்றைப் புதரின் அடியில் மண்ணுக்குள் அழுத்த வேண்டும். இன்னொன்று, இரண்டு புதர்களுக்கு நடுவே உள்ள வெற்றுத்தரையில். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி ஸ்டாப்வாட்ச்சை அமுக்க வேண்டும். புதரடியில் சருகும் வேரும் பூச்சிகளும் சேர்ந்து மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கும்; தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். வெற்றுத்தரையிலோ அது குளம் கட்டி நிற்கும். ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்க, ஒருவன் நோட்டில் குறிக்க, மூன்றாவது ஆள் பொறுமையிழந்து டப்பாவை ஆட்டிவிட, கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அந்தச் சில நிமிடங்களில் பாலைவனமாதலின் பாதிக் கதை வந்துவிடுகிறது. அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்ப்பது. வெற்றுத்தரை குடிக்காத தண்ணீர், மேல்மண்ணையும் சத்தையும் அரித்துக்கொண்டு ஓடுகிறது. காற்று தன் பங்கை அள்ளிப் போகிறது. புதரடியில் ஒதுங்கும் சத்து அங்கேயே தங்கிவிடுகிறது. புதர் கொழுக்கிறது, இடைவெளி இன்னும் வறள்கிறது, புல்லுக்குத் திரும்பி வர வழியில்லை. சத்து ஒதுங்கிய இந்தப் புதரடிகளைச் சூழலியலாளர்கள் ‘வளத் தீவுகள்’ என்கிறார்கள். இதை விளக்கி 1990-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோளாகிறது.

இன்னொரு வேடிக்கை, காலடியில். வெற்றுத்தரையில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிக் கிடப்பதை அழுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உயிருள்ள பொருக்கு அது. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மண் துகள்களைப் பின்னி வைத்திருக்கின்றன. ஒரு சொட்டு நீர் விட்டால் கொஞ்ச நேரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். அதன்மேல் செருப்புக் காலோடு நடக்காதே என்று அதற்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலில் அழைத்துப் போய்ச் செடிகளின் பெயரைச் சொல்லித் திரும்ப அழைத்து வருவது சுற்றுலா. விடை இன்னும் முழுசாகத் தெரியாத கேள்வியைக் கையில் கொடுப்பதுதான் அறிவியல் வகுப்பு. ஹோர்னாடா ஆய்வாளர்களே அப்படியொன்றில் இறங்கியிருக்கிறார்கள். கம்பி வலைத் துண்டுகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே செருகி, வெற்றுத்தரையில் நட்டு வைக்கிறார்கள். காற்றும் நீரும் அடித்து வரும் சருகும் விதையும் அதில் சிக்கினால் புல் மறுபடி தலைகாட்டுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். கோழிக்கூண்டு வலையும் கத்தரியும் போதும். எந்தப் பள்ளியிலும் செய்துவிடலாம்.

எல்லாப் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றிப் பாலைக்குக் கொண்டுபோவது நடக்கிற காரியமா? அதனால் அசோம்ப்ரோ பயிற்றுநர்கள் சாமான்களோடு பள்ளிக்கே வருகிறார்கள். பள்ளி மைதானத்தின் ஓரமே ஆய்வுக்கூடம். ‘டெசர்ட் டேட்டா ஜாம்’ என்றொரு போட்டியும் உண்டு. ஹோர்னாடாவின் உண்மையான தரவுகளை மாணவர்கள் எடுத்து, பாட்டாகவோ விளையாட்டாகவோ சிற்பமாகவோ மாற்றிப் பொதுமக்களுக்குப் புரியவைக்க வேண்டும். கேட்டால் கேலிக்கூத்துபோலத் தெரியும். ஆனால் வரைபடம் புரியாதவரால் அதைப் பாட்டாக்க முடியாது.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனையும் அல்ல. பக்கத்து அரிசோனாவின் டூசான் நகரில், சொனோரா பாலைவனத்தில், 1964 முதலே ‘கேம்ப் கூப்பர்’ பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிவகுப்பு நடத்திவருகிறது.

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளிக்கு அருகிலேயே சீமைக் கருவேலம் நிற்கும். அதன் நிழலிலும், பத்தடி தள்ளி வெட்டவெளியிலும் மண் எப்படி வேறுபடுகிறது என்று அளந்து பார்க்க லேப் தேவையில்லை. இரண்டு தகர டப்பா, ஒரு குடம் தண்ணீர், உங்கள் செல்போனில் இருக்கும் கடிகாரம் போதும். அடுத்த சயின்ஸ் பீரியடில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள்.